டோரதியின் ஹீட்டருக்கு ஒரு பேட்டரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியைக் கெடுக்காமல் மின் ஹீட்டர் ஓட்டுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது வரியில் டோரதி உள்ளே நுழைந்துவிட்டாள். இனிக் கட்டுரையாவது மண்ணாங்கட்டியாவது!

2

ராயபுரம், 1968. அந்தி சாயும் வேளையில் அலைகள் மெல்ல

(இந்த வரியை அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கடலுக்கு வேலை இல்லை.)

கல்யாண வீட்டில் கரண்ட் போய்விட்டது. மணப்பெண் ஃப்ளோராவுக்குப் பாதித் தலை சுருள், பாதித் தலை நீட்டு. அலங்காரம் செய்ய வந்த டோரதி, முடி சுருட்டும் இடுக்கியைக் காய்ச்சுகிற ஹீட்டரோடு* வாசலுக்கு ஓடிவந்தாள். அங்கே மைக்செட் இக்னேஷியஸ் இரண்டு கார் பேட்டரிகளில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுகிறவன், டோரதியைக் கண்டால் மட்டும் ஊமை. மனசில் இருப்பதைச் சொல்ல அவனுக்கு வாயே வந்ததில்லை.

“இக்னேஷியஸ், பொண்ணு அழுதுகினு கீது. பேட்டரி குடு.”

“ஒண்ணு பாட்டுக்கு. இன்னொண்ணு ஒனக்கு. ஆனா ஹீட்டர் கம்பிய வெட்டணும்.”

* கரி அடுப்பில் காய்ச்சக் கூடாதா என்பவர்களுக்கு: வெள்ளைக் கவுனில் கரி விழும். டோரதியிடம் நானும் கேட்டேன், முறைத்தாள்.

3

[கட்டுரைக்காரன் குறுக்கிடுகிறான்.] வீட்டு மின்சாரத்துக்கான சுருள்கம்பி நீளமானது. பேட்டரியில் மாட்டினால் வெதுவெதுப்புக்கூட வராது. விரல் நீளத்துக்கு வெட்டினால் சூடேறும், அதைவிடக் குட்டையானால் பேட்டரி நாசம். நடுநடுவே ஓய்வு தர வேண்டும். பக்கத்தில் ஒரு சின்ன பல்பை மாட்டி, அது மங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். [போய்விட்டான்.]

4

மணப்பெண்ணை நாற்காலியோடு வாசலுக்குத் தூக்கிவந்தார்கள். இக்னேஷியஸ் கம்பியை வெட்டி, பக்கத்தில் ஒரு சின்ன பல்போடு பேட்டரியில் மாட்டினான். இடுக்கி காய்ந்தது, முடி சுருண்டது. முதல் ஓய்வில் இருவரும் பல்பைப் பார்த்தார்கள். அடுத்த ஓய்வில் டோரதி அவனைப் பார்த்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வு நீண்டுகொண்டே போனது.

“அண்ணே, ரெஸ்ட்டு பேட்டரிக்கா, ஒனக்கா? மாதா கோயில் மணி அடிக்கப் போவுது!” என்று கத்தினாள் ஃப்ளோரா.

5

கடைசிச் சுருளுக்கு முன் கரண்ட் வந்துவிட்டது.

இப்படி எழுதிப் பார்த்தேன்: டோரதி ஹீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இக்னேஷியஸ் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல்

வேண்டாம், எனக்கே வயிறு எரிகிறது. தவிர, அது தப்பு. வெட்டிய கம்பியை வீட்டு மின்சாரத்தில் செருகினால் பட்டென்று எரிந்துபோகும்.

டோரதிக்கும் அது உறைத்தது. இடுப்பில் கைவைத்தாள்.

“யோவ், கம்பிய வெட்டிட்டியே! இனிமே எந்தக் கல்யாண வூட்டுக்கு நான் போனாலும், நீயும் பேட்டரியத் தூக்கிகினு கூடவே வரணும் போலக் கீதே?”

புதுக் கம்பி கடையில் கிடைக்கும். அது அவளுக்கும் தெரியும்.

“....................................”

இக்னேஷியஸின் பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவள் சிரித்துக்கொண்டே நிற்கிறாள்.