மூன்று நாள் தாமதம்

பத்தொன்பது வருடப் பணியில் ஒருநாள்கூட மணிக்குப் பிந்தி வராதவள் மைக் டீச்சர். அவள்தான் இப்போது பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை ஓரமாகத் திருடியைப் போல ஒதுங்கி நின்று, மணி அடித்துத் தொலையட்டும் என்று காத்திருந்தாள். இது மூன்றாவது நாள்.

மைக் டீச்சர் என்ற பெயர் அவள் தொண்டைக்குக் கிடைத்தது. அரசுப் பள்ளிகளுக்கு ஒழுகாத கூரை வேண்டும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வேண்டும், ஆசிரியர்களுக்கு மனிதர் பிழைக்கிற மாதிரி சம்பளம் வேண்டும் என்று நாற்பத்தோரு நாள் வெயிலில் நின்று கத்தினாள். அரசும் ஒருவழியாக மனம் இறங்கியது. பள்ளிகளுக்கு நிதி, ஆசிரியர்களுக்கு உயர்வு. கூட இருந்தவர்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவளும் இரண்டு நாள் கால் தரையில் பாவாமல்தான் திரிந்தாள்.

அதற்குப் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவள் கணவர் பஸ் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நான்கு வருடமாகிறது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சலுகை அட்டை இருப்பதால் இலவசம். அட்டைக்கு வருமான வரம்பு உண்டு. இந்த உயர்வு அந்த வரம்பைத் தாண்டியது. எவ்வளவு தாண்டியது தெரியுமா? மாதம் ஒரு கிலோ சர்க்கரை வாங்குகிற காசு. கொடுக்கிற கை ஒரு இலாகா, பிடுங்குகிற கை இன்னொரு இலாகா. இரண்டு கைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. உயர்வு முழுவதையும் கொட்டினாலும் மாதத்தில் இரண்டு டயாலிசிஸுக்குத்தான் காணும். அட்டை ஒருமுறை ரத்தானால் திரும்ப வாங்க ஆறு மாதம். அவர் ஆறு நாள் தாங்கமாட்டார்.

அவரிடம் அவள் மூச்சுவிடவில்லை. சொன்னால் மனுஷன் அன்றைக்கே சிகிச்சையை விட்டுவிடுவார். போன வருடம் ஆட்டோவுக்குத் தண்டம் அழுகிறோமே என்று சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு முறை போகாமலிருந்து, கால் வீங்கிக் கிடந்தவர். உயர்வு ஆணையைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் செருகிவிட்டு, நேரே கல்வி அலுவலகத்துக்குப் போனாள்.

“உயர்வு வேண்டாம்னு எழுதிக் குடுக்க ஏதாவது படிவம் இருக்கா சார்?”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். “வேணும்னு கேக்க பதினாலு படிவம் இருக்கு டீச்சர். வேண்டாம்னு கேட்டு இங்க யாரும் வந்ததில்லை.”

“வேற வழியே இல்லையா?”

“வேலைய விடணும். இல்லைன்னா ஏதாவது தப்புப் பண்ணி மெமோ வாங்கணும். மெமோ இருந்தா ஒரு வருஷத்துக்கு உயர்வு கிடையாது.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. “இருக்கறதுலயே சின்னத் தப்பு எது?”

“மூணு நாள் லேட்.”

முதல் நாள் பத்து நிமிடம் பிந்திப் போனாள். தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே தன் கையாலேயே, மணி அடிக்கிற நேரமான எட்டே முக்கால் என்று எழுதி வைத்திருந்தார். “எங்களுக்காக நாப்பத்தோரு நாள் நின்னீங்க. பத்து நிமிஷமெல்லாம் ஒரு விஷயமா டீச்சர்?” மறுநாள் இருபது நிமிடம். மறுபடியும் எட்டே முக்கால். இவர்கள் அன்பில் இடி விழ என்று அவளுக்கு வாய்விட்டுக் கத்தத் தோன்றியது.

மூன்றாம் நாளான இன்று, மணி அடித்து அரைமணி கழித்து உள்ளே போய், தலைமையாசிரியை அறைக் கதவைச் சாத்தினாள். “எனக்கு மெமோ குடுங்க மேடம்.”

“விளையாடறீங்களா? உங்களுக்கு மெமோ குடுத்துட்டு நான் யார் மூஞ்சில முழிக்கறது?”

“குடுக்கலைன்னா என் வீட்டுக்காரர் மூஞ்சில நான் முழிக்க முடியாது.”

எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்டு முடித்ததும் தலைமையாசிரியை பதிவேட்டில் மூன்று நாளையும் அடித்துத் திருத்திவிட்டு, தாளை எடுத்தார். ‘பணியில் அலட்சியம்’ என்ற இடத்தில் பேனா நின்றது. “எழுதுங்க மேடம்” என்றாள் அவள். பெற்றுக்கொண்டேன் என்று கீழே கையெழுத்துப் போடும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தொன்பது வருடப் பேர் ஒரு தாளில் போயிற்று. போகட்டும், ஆள் மிஞ்சினால் போதும்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் சாய்ந்திருந்தார். டயாலிசிஸ் நாளில் பேசவே தெம்பில்லாதவர், முகமெல்லாம் பல்லாக இருந்தார்.

“அழுத்தக்காரிடி நீ! போர்வை தேடினேன், பீரோவுல உன் ஆர்டர் கிடைச்சுது. புருஷன்கிட்டயே மறைப்பியா? இன்னைக்கு வார்டு பூரா காட்டிட்டேன். என் பொண்டாட்டி போராடி வாங்கினதுன்னு சொன்னேன்.”

மெமோ இருந்த பை அவள் தோளிலிருந்து நழுவியது. “யார் யார்கிட்டக் காட்டினீங்க?”

“நர்ஸம்மாகிட்ட. பில் கவுன்ட்டர்லயும் குடுத்தேன். அவங்க ஒரு நகல்கூட எடுத்துக்கிட்டாங்க, பாரேன்.”

“அட்டை எங்கே?”

“அங்கதான் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. புதுசு தருவாங்க போல.” தலையணையைச் சரிசெய்துகொண்டார். “நாளன்னைக்கு நீயும் வா. டீச்சரை ஒருதடவை பாக்கணும்னு சொல்லிவிட்டாங்க.”