டிக்கிக் கதவின் கடகடப்பு

துபாயிலிருந்து லீவில் வந்த ரசீத், பாதி லீவைத் தன் மாருதிக் காரின் டிக்கிக்குள் தலையை விட்டபடியே கழித்தான். மீதியில் தூங்கினான். கட்டின பொண்டாட்டி ஃபர்ஹத்துக்கு எந்தப் பாதியிலும் இடமில்லை.

டிக்கியில் பொருத்தக் கொண்டுவந்த சப்வூஃபர் ஸ்பீக்கருக்குச் சரியான அதிர்வெண் கண்டுபிடிக்க வேண்டுமாம். ஆம்ப்ளிஃபயரில் அதற்கென்று ஒரு திருகு. எண்பது ஹெர்ட்ஸில் வைத்தால் அடி கும்மென்று விழுந்தது, ஆனால் பாடுகிறவன் குரல் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல் கலங்கியது. அறுபதுக்கு இறக்கினால் குரல் தெளிந்தது. டிக்கிக் கதவு கடகடவென்று ஆடித் தொலைத்தது. மேலப்பாளையத்தில் அந்தத் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவனைத் திட்டியது.

ஃபர்ஹத்தின் கவலை வேறு. அவளுடைய அண்ணன் பேட்டையில் ஒரு கம்பெனியில் ரசீதுக்கு வேலை பேசி வைத்திருந்தார். இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவன் சரி என்றால் இங்கேயே இருந்துவிடலாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனோடு இருந்ததைவிட அவன் போட்டோவோடு இருந்ததுதான் அதிகம்.

காலையிலிருந்து கேட்டுக்கொண்டேயிருந்தாள். இதை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்பான். அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பாட்டின் அடி முதுகில் தெரிகிறதா, காதில் தெரிகிறதா என்று விசாரிப்பான். அவளும் உட்கார்ந்தாள். அவனோடு பேசக் கிடைத்த இடம் அதுதானே.

மத்தியானம் சோறு எடுத்துவைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது கடகடப்பு நின்றிருந்தது. கதவின் உட்பக்கம் முழுக்கப் பாய் ஒட்டியிருந்தது. பத்தமடைப் பாய். நிக்காஹுக்கு அவள் உம்மா இருவர் பெயரும் போட்டு நெய்துகொடுத்தது. கதவின் அளவுக்கு வெட்டியதில் ரசீதின் பெயர் முழுசாக இருந்தது. அவள் பெயரில் பாதி தரையில் கிடந்தது.

"அலமாரி மேல சும்மாத்தானே கெடந்துச்சு," என்றான் அவன், முகமெல்லாம் சிரிப்பாக. "அறுபதுதான் சரி. ஏறி உக்காரு. இப்ப எப்படி இருக்கு?"

அவள் ஏறவில்லை. தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அந்த வேலய வேற யாருக்காச்சும் குடுத்துரச் சொல்லுங்க காக்கா. அவுக துபாய்க்கே போறாக, போகட்டும். நீங்க இன்னைக்கே வந்து என்னயக் கூட்டிட்டுப் போயிருங்க."

அதற்குள் ரசீத் காரைத் தெருவில் ஓட்டிக் காட்டக் கிளம்பிவிட்டான். பூத்தின் கண்ணாடி அதிர்ந்தது. சத்தத்தில் ஒன்றுமே விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்றார் அண்ணன்.

அந்த இரண்டாம் தடவையில்தான் அவளுக்கு அழுகை வந்தது.