காகு வீட்டில் அரைத்த பொடி

மழை பிடித்துக்கொண்ட பிறகு குழம்புப் பொடி அரைக்கக் கிளம்பிய ஆள் புனேயிலேயே சுப்ரஜா ஒருத்தியாகத்தான் இருக்கும். ஊர்க்காரர்கள் வருஷத்துக்கான மசாலாவை ஏப்ரல், மே வெயிலிலேயே காயவைத்து இடித்து ஜாடியில் அடைத்துவிடுவார்கள். சுப்ரஜாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இருந்ததே இல்லை. பொடி கோயம்புத்தூரிலிருந்து தூக்குப்போசியில் வந்துவிடும். இந்த வருஷம் மாமியார் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். "நீங்க கையப் பாத்துக்கோங்கத்தை, பொடி நானே அரைச்சுக்கறேன், இதென்ன பெரிய வேலையா?" என்று போனில் வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். சொன்னது மே மாதம். செய்ய உட்கார்ந்தது ஜூலையில்.

கேம்ப் பஜாரில் நிறத்துக்குப் பேட்கி மிளகாயும் காரத்துக்குக் குண்டூரும் வாங்கி வந்தாள். வீடு வந்து சேர்வதற்குள் இரண்டும் நமத்துப்போயின. அவர்கள் குடியிருக்கும் வானவடியில் ஒரு வாரமாக வெயிலின் முகத்தையே யாரும் பார்க்கவில்லை. வரமிளகாயை வாணலியிலேயே போட்டுப் புரட்டினாள். கொத்தமல்லி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாக வறுத்தாள். கட்டிப் பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்தாள். விரலி மஞ்சளை இடித்து வைத்தாள். இந்த மட்டும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மிக்ஸி இரண்டு சுற்று சுற்றியது. அப்புறம் அடியிலிருந்து கருகல் வாடை வந்தது. நின்றுபோனது. ஜாடியைத் திறந்தால் ரவை மாதிரி கிடக்கிறது. குடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டில் இருக்கும் மாவு மில்லுக்கு ஓடினாள். அங்கே இருந்தவர் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மிளகாய் மெஷினைக் காட்டினார். சீசன் முடிந்துவிட்டது, தீபாவளி கழித்து வா என்றார். தீபாவளி வரைக்கும் குழம்பு வைக்காமல் இருக்க முடியுமா? திரும்பி வந்து வறுத்த சாமானைப் பார்த்தாள். இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் மழைக்காற்றில் அதுவும் நமத்துவிடும்.

அப்போதுதான் எதிர்வீட்டுச் சாவி ஞாபகத்துக்கு வந்தது.

எதிர்வீட்டில் இருப்பவர் வைஜயந்தி காளே. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். இந்த ஊர் வழக்கப்படி சுப்ரஜா அவரைக் காகு என்று கூப்பிடுவாள். நம் ஊரில் சித்தி என்கிற மாதிரி. பாஷை தெரியாமல் வந்து சேர்ந்த புதிதில், டெங்குவில் படுத்துக் கிடந்தவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, தலைவாரி விட்டவர் காகுதான். வெளியூர் போனால் சாவியைச் சுப்ரஜாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். இப்போது மகளைப் பார்க்க நாசிக் போயிருந்தார். துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது சுப்ரஜாவின் பொறுப்பு. மழை அதையும் பார்த்துக்கொண்டது.

காகுவின் சமையலறையில் சின்ன பீரோ மாதிரி ஒரு மாவு மெஷின் உண்டு. இந்த ஊரில் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்களே, அதுதான். "கோதுமை, கேழ்வரகு, எது வேணும்னாலும் வந்து அரைச்சுக்கோ. மிளகாய் மட்டும் வேண்டாம், அந்த வாசனை போகாது" என்று முன்பொரு தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டு சொன்னதை அவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சுப்ரஜா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம்தானே, நன்றாகத் துடைத்து வைத்துவிட்டால் ஆயிற்று. அவசரத்தில் இருப்பவளுக்கு எல்லா நியாயமும் வரிசையில் வந்து நிற்கும்.

மெஷின் மேல் வெளுத்த துணி போர்த்தியிருந்தது. உள்ளே தூசு தும்பு இல்லாமல் பளபளவென்று இருந்தது. காகுவுக்குச் சுத்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு சாமானைக் கொட்டி, பட்டனைத் தட்டினாள். தும்மல் பிடுங்கியது, கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் பொடி! மாமியார் அனுப்புகிற பொடியே தோற்றது போங்கள். பட்டு மாதிரி, செக்கச் செவேலென்று, அறை முழுக்க மணம். மாமியாருக்கு அனுப்பப் போட்டோகூட எடுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் காகுவின் போன் வந்தது.

"பஸ் ஏறிட்டேன் பேட்டா, சாயங்காலம் வந்துடுவேன். நாளைக்கு ஆஷாடி ஏகாதசி. உபவாச மாவுக்கு எல்லாம் வறுத்துவெச்சுட்டுத்தான் வந்தேன். மெஷினையும் கழட்டிக் கழுவி மூடிவெச்சிருக்கேன். வந்ததும் அரைச்சுட்டா வேலை முடிஞ்சது. உனக்கும் தாலிபீட் தட்டித் தரேன்." இந்தியும் மராத்தியும் கலந்த அந்தக் குரலில் அவ்வளவு உற்சாகம்.

சுப்ரஜாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காகுவின் உபவாசம் அவளுக்குத் தெரியும். குதிரைவாலி, ராஜகீரா என்கிற கீரை விதை, ஜவ்வரிசி, இவ்வளவுதான். தாலிபீட் என்கிற அடைக்கும் அதே மாவுதான். கோதுமைத் தூள்கூடப் பட்டுவிடக் கூடாது. பெருங்காயமும் மஞ்சளும் பட்டால் விரதமே போச்சு. அந்தத் துணி தூசிக்காகப் போர்த்தியது இல்லையென்று இப்போதுதான் புரிந்தது.

"சரி காகு" என்று மட்டும் சொன்னாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மெஷினைக் கழற்றினாள். சல்லடைக் கண்ணிலெல்லாம் மிளகாய்ப் பிசின். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். நம் ஊர் மில்லில் செய்கிற மாதிரி பச்சரிசியைப் போட்டு ஓட்டினாள். அரிசியும் விரதத்துக்கு ஆகாது என்பது அந்த அவசரத்தில் உறைக்கவில்லை. மாவு முதலில் சிவப்பாக விழுந்தது, அப்புறம் ரோஸ் நிறத்தில், அப்புறம் வெள்ளையாக. வெள்ளை மாவை மூக்கருகே கொண்டுபோனால் பெருங்காயம் ஜம்மென்று இருந்தது. இன்னும் அரிசி போட்டாள். இன்னும் பெருங்காயம். மாவு விழுகிற இடத்தில் கட்டியிருந்த துணிப்பை மஞ்சளாகிவிட்டது. சோப்புப் போட்டுக் கசக்கினால் மஞ்சள் சிவப்பாயிற்று. மழையில் காயாது என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தேய்த்தே உலர்த்தினாள். கடைசியில் கறை தெரியாதபடி உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிக் கட்டினாள். அழுக்கைத் துடைப்பது வேறு, மறைப்பது வேறு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். புருஷன் நிர்மல் ஹிஞ்சேவாடி ஆபீசுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவில் விஷயத்தைக் கேட்டான்.

"ஏங்க, சொல்லிடட்டுமா?"

"அட விடு கண்ணு. நீதான் கழுவிட்டியல்ல? அவங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

"அவங்க விரதம்ங்க."

"தெரியாம நடந்தா சாமி ஒண்ணும் சொல்லாது" என்றவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். சாமி சொல்லாது, சரி. சுப்ரஜா சும்மா இருக்க வேண்டுமே!

மறுபடியும் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூன்றாவது கடையில் உபவாச மாவு பாக்கெட் கிடைத்தது. நனைந்த கோழி மாதிரி திரும்பி வந்து வாசலிலேயே காத்திருந்தாள். லிஃப்ட் திறந்ததும் காகுவின் பெட்டியை வாங்கிக்கொண்டு, பாக்கெட்டை நீட்டினாள்.

"அலுப்பா வந்திருப்பீங்க காகு. இதையே வெச்சுக்கோங்களேன், இன்னிக்கு எதுக்கு அரைக்கறீங்க?"

"பாக்கெட் மாவா? எந்த மெஷின்ல எதோட அரைச்சானோ!" காகு மூக்கை உறிஞ்சினார். பஸ் ஜன்னல் சாரலில் சளி பிடித்து, குரல் கட்டியிருந்தது. "என் மெஷின் சுத்தமா இருக்கறப்போ இது எதுக்குடி? ஆனா மழையில நனைஞ்சு வாங்கிட்டு வந்திருக்கியே, பைத்தியம்." கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்குள் நுழைந்தும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்கு அடைத்திருந்தது. சுப்ரஜா அதை ஒரு கணம் அதிர்ஷ்டம் என்று நினைத்தாள், அடுத்த கணம் தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. வாயைத் திறந்தாள். காகு பெட்டியிலிருந்து சிவுடா மிக்சர் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் திணித்தார். மகள் வீட்டுக் கதையை ஆரம்பித்தார். சுப்ரஜா தலையாட்டிக் கேட்டுவிட்டு, பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாம். இப்போது. இதோ, இப்போது. சத்தம் நின்றது. கொஞ்சம் மாவுதானே, அரைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

அன்று அவள் வைத்த குழம்பை நிர்மல் இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டான். "என்ற அம்மா பொடிய விட நல்லாருக்கு, அவங்ககிட்ட சொல்லிடாதே" என்றான். எந்தப் பாராட்டுக்காக இவ்வளவும் செய்தாளோ அது கிடைத்தது. ஒரு வாய் சோறு அவளுக்கு இறங்கவில்லை.

காலையில் குளித்துவிட்டு வந்து மூன்று தடவை கதவுவரை போய்த் திரும்பினாள். நான்காவது தடவை போனபோது மணி அடித்தது. திறந்தால் காகு நிற்கிறார். புதுப் பச்சைப் புடவை. நெற்றியில் பெரிய குங்குமம். கையில் தட்டு, தட்டில் இரண்டு தாலிபீட், ஓரமாகத் தயிர்.

"சூட்டோட சாப்பிடு. எப்பவும் உனக்குக் குடுத்துட்டுத்தான் நான் சாப்பிடுவேன். இன்னிக்குச் சக்கரை மாத்திரை போடணும்னு முதல்லயே சாப்பிட்டுட்டேன், கோவிச்சுக்காதே. சளியில எனக்கு ருசியே தெரியல. எப்படி இருக்குன்னு நீதான் சொல்லணும்."

சுப்ரஜா தட்டை வாங்கினாள். ஆவியோடு சேர்ந்து அவளுடைய பொடியின் மணம் மேலே வந்தது. பெருங்காயம், வெந்தயம், எல்லாம். காகுவின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"காகு, அந்த மெஷின்ல நான் மிளகாய்ப் பொடி அரைச்சுட்டேன். பெருங்காயம், மஞ்சள் எல்லாம் போட்டு. நீங்க ஏகாதசிக்குக் கழுவி வெச்சது எனக்குத் தெரியாது. எவ்வளவோ தேய்ச்சேன், போகல. நேத்தே சொல்லணும்னுதான்..."

காகு தட்டைப் பார்த்தார்.

"நேத்து நான் போன் பண்றப்பவே அரைச்சாச்சா?"

"ஆமா."

"நான் மெஷினைப் போட்டது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

சொல்லி முடித்ததும் சுப்ரஜாவின் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒழுங்காக மூச்சு வந்தது. இனி காகு திட்டுவார். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும், காலில் விழுந்துவிடலாம் என்று ஏறக்குறைய ஆசையோடு காத்திருந்தாள்.

காகு திட்டவில்லை. "கல்யாணமான வருஷத்துலேர்ந்து இந்த ஏகாதசியை நான் விட்டதில்ல. ஆபரேஷன் அன்னிக்குக்கூட டாக்டரோட சண்டை போட்டு விரதம் இருந்தேன்" என்றார். குரல் இன்னும் கட்டியிருந்தது. "இன்னிக்கும் இருந்துட்டோம்னு இப்பத்தான் விட்டலனை நமஸ்காரம் பண்ணிட்டு வரேன். மனசு நெறைஞ்சிருந்தது."

"காகு, மன்னிச்சு..."

"நேத்து சாயங்காலம் சொல்லியிருக்கணும். நான் பழம் தின்னுட்டு இருந்திருப்பேன். இல்லேன்னா கடைசி வரைக்கும் சொல்லாமலே இருந்திருக்கணும். நான் சாப்பிட்டுட்டேன்னு சொன்ன பிறகு சொல்றியே, இது யாருக்காக? உன் பாரம் இறங்கிடுச்சு. என்னோடதை நான் எங்க இறக்கி வெக்கிறது, சொல்லு."

காகு சுப்ரஜாவின் கையிலிருந்து தட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஓங்கி அடித்துச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

உள்ளேயிருந்து நிர்மல் எட்டிப் பார்த்தான். "சொல்லிட்டியா? அப்பாடா. இனியாவது நிம்மதியா இரு கண்ணு."

நிம்மதி. அது வந்தது என்னவோ உண்மை. காகு எதிரில் நின்று அத்தனையையும் இழந்துகொண்டிருந்தபோது, அவளுக்குள் நிம்மதி வந்தது. அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

வெளியே வந்து எதிர்க்கதவின் முன்னால் நின்றாள். உள்ளே குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம். காகு மறுபடியும் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். மணியை அழுத்தத் தூக்கிய கை அப்படியே நின்றது. மன்னிப்புத்தான் கேட்க முடியும். அதுவும் தனக்காகத்தான் என்று தெரிந்தபோது, கையை இறக்கிக்கொண்டாள்.