கன்னியம்மாவுக்கு மட்டும் ஓடாத வண்டி

விஷ்ணு உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் ஓடுகிறது. வாட்ச்மேன் உட்கார்ந்தாலும் ஓடுகிறது. பழுது பார்க்க வந்த ஜேசுராஜ் ஏறி உட்கார்ந்தபோதும் முதல் திருப்பிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது. கன்னியம்மா உட்கார்ந்து திருப்பினால் மட்டும் 'டிக்' என்று ஒரு சத்தம்கூட இல்லை.

"பாத்தீங்களாண்ணா? இதைத்தானுங்க நானும் சொல்றேன்," என்றான் விஷ்ணு. "வண்டி நல்லாத்தான் இருக்குது. இந்தக்காவுக்குத்தான் கை வர மாட்டேங்குது."

அவள் பக்கத்திலேயே நின்றாள். நாற்பது வயதுக்காரியை வைத்துக்கொண்டே இப்படிப் பேசுகிறானே என்று ஜேசுராஜுக்குச் சுருக்கென்றது.

வெள்ளானூரில் அந்த அடுக்குமாடி எழும்பி நான்கு வருடம். நடுவில் ஒன்றரை ஏக்கர் புல்வெளி. அதற்காக வாங்கியதுதான் இந்தச் சின்ன டிராக்டர். மேலே ஆள் உட்கார்ந்து ஓட்ட, வயிற்றுக்கு அடியில் பிளேடு சுழன்று புல்லை வெட்டும். இரண்டு வருடமாக ஓட்டுகிறவள் உள்ளூர்க்காரி கன்னியம்மா. ஈரோட்டிலிருந்து வந்து ஐடியில் வேலை செய்யும் விஷ்ணுவின் தலையில் இந்த வருடம் சங்கச் செயலாளர் பொறுப்பு விழுந்திருந்தது. மழை பெய்து புல் முழங்கால் உயரம் ஏறிவிட்டது. யாரோ பாம்பைப் பார்த்ததாக எழுதப்போக, வாட்ஸப் குழுவில் மூன்று நாளாக அவனைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலு மணிக்குக் கான்ட்ராக்டர் வர்றாருங்க. அதுக்குள்ள இவங்க ஓட்டிக் காட்டிட்டா சரி. இல்லீன்னா நான் கையெழுத்துப் போட்டுர்றேன். ஆளு, மிஷினு எல்லாம் அவங்களே கொண்டாந்துருவாங்க."

"அப்ப இந்தம்மா?"

விஷ்ணு லேப்டாப்பை மறு கைக்கு மாற்றினான். "அப்புறம் இவங்களுக்கு இங்க என்னங்க வேலை இருக்கும்?" சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டான். அப்போது மணி இரண்டேகால்.

ஜேசுராஜ் மண்ணூர்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. கரன்ட்டுக்கு ஆள் பார்த்து வேலை செய்யத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். வண்டி ஒருத்திக்கு மட்டும் மக்கர் செய்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும்.

"எத்தினி நாளா இப்டி கீது?"

"ஒண்ணரை மாசமாண்ணே. மொதல்ல பள்ளத்துல எறங்குனா ஆஃப் ஆவும். அப்பால நாலு தபா திருப்புனா ஒரு தபா எடுக்கும். இப்ப பத்து நாளா ஒண்ணியும் இல்ல." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேட்டரியில் மீட்டர் வைத்தான், தெம்பாக இருந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டிவிட்டு முறுக்கினான். சாவி சுவிட்சைப் பிரித்துப் பார்த்தான். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு ஒயராகத் தடவிக்கொண்டே போனான். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு, "ஏறு" என்பான். அவள் ஏறி, பிரேக்கை மிதித்து, பிளேடு அணைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்து, சாவியைத் திருப்புவாள். ஒரு முறைகூட அவள் முறை தவறவில்லை. ஒரு முறைகூட வண்டி எடுக்கவில்லை.

ஐந்தாவது முறை ஏறும்போது மூச்சு வாங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள்.

"இன்னாம்மா, ஒடம்புக்கு முடியலயா?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்லண்ணே. வெயிலு." வானம் மூடிக் கிடந்தது.

மூன்று மணி. மிச்சமிருந்தது சீட் சுவிட்ச் ஒன்றுதான். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் பிளேடு நின்றுவிட வேண்டும் என்பதற்காக சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் சுவிட்ச் வைத்திருப்பார்கள். ஆள் பாரம் அழுத்தினால்தான் கரன்ட் போகும். சீட்டைத் தூக்கிப் பார்த்தான். துரு இல்லை, ஸ்பிரிங் புதிது போல நின்றது. விரலால் அழுத்தினால் மீட்டர் பேசியது, விட்டால் நின்றது. சுவிட்ச் மேல் குற்றம் சொல்ல எதுவுமே இல்லை.

அவன் நிமிர்ந்து கன்னியம்மாவைப் பார்த்தான். புடவை மேல் போட்டிருந்த சட்டையின் தோள் கீழே வழிந்து கிடந்தது. மணிக்கட்டு ரப்பர் வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டிருந்தாள், கீழே நிற்காமல் கழன்று விழும் போலிருக்கிறது.

ஒரு பெண்ணிடம் எடையை எப்படிக் கேட்பது? கேட்க வாய் வராமல் கிளப் ஹவுஸ் ஜிம்முக்குப் போய், இரும்புத் தட்டுகளை வாட்ச்மேனோடு சேர்ந்து சுமந்து வந்தான். சீட்டில் இரண்டு இருபது கிலோவை வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது. அணைத்துவிட்டு ஒரு இருபதை எடுத்து, அந்த இடத்தில் பத்தும் ஐந்தும் இரண்டரையும் வைத்தான். முப்பத்தேழரை. சாவியைத் திருப்பினான். மூச்சு பேச்சு இல்லை.

கன்னியம்மா அந்தத் தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வாட்ச்மேன் கேட்டுக்குப் போகும் வரை ஜேசுராஜ் காத்திருந்தான்.

"வேலைக்கு சேர்ந்தப்ப எத்தினி கிலோ இருந்தே?"

"நாப்பத்தொம்பது."

"இப்ப?"

அவள் வளையலை இன்னும் மேலே தள்ளினாள்.

"ராத்திரியில சொரம் வர்தா?"

"சாயங்காலமே வந்துடுது. வேர்த்து ஊத்துது. ரெண்டு மாசமா இருமலு. சோறே எறங்கலண்ணே." பிறகு ஒரு சிரிப்பு சிரித்தாள். "இங்க ஊட்டுக்காரம்மாங்க எல்லாம் இன்னா கேக்கறாங்க தெரியுமா? சூப்பரா எளைச்சிட்டியே, இன்னா டயட்டுன்னு கேக்கறாங்க."

ஜேசுராஜுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"டாக்டராண்ட போனியா?"

"போனா லீவு போடணும். இருமலுன்னு தெரிஞ்சா இங்க உள்ளயே வுட மாட்டாங்க. எம் பொண்ணு அகல்யா காலேஜு சேர்ந்து மூணு மாசந்தான் ஆவுது." அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, அந்த ரெண்டு ஒயரை முறுக்கி வுட்டுடு. அப்ப பாரம் வேணாம்ல? உன் கால்ல வுயறேன்."

இரண்டு நிமிட வேலை. தொழிலில் எல்லாரும் செய்வதுதான். அவனே இருபது வண்டிக்காவது செய்திருப்பான். ஒயரை முறுக்கினால் நாலு மணிக்கு இவள் ஓட்டிக் காட்டுவாள், வேலை நிற்கும். அவன் கை கட்டிங் பிளேயரை எடுத்தும்விட்டது.

"ஓட்டச் சொல்லோ எப்பனா கண்ணு இருட்டிச்சா?"

அவள் தயங்கினாள். "அன்னிக்கி ஒரு நாளு. சரிவாண்ட. அப்டியே சாஞ்சிட்டேன். வண்டி தானா நின்னுடுச்சி."

பிளேயரைக் கீழே போட்டான். மணி மூன்றே முக்கால். ஒயரை முறுக்கினால் அடுத்த முறை அந்த பிளேடு நிற்காது. முறுக்காவிட்டால் கால் மணி நேரத்தில் வேலை போய்விடும். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கா போகப்போகிறாள்? இன்னொரு வேலை தேடித்தான் அலைவாள்.

சீட்டுக்கு அடியில் கையை விட்டு, நல்ல நிலையில் இருந்த அந்த சுவிட்சைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒயரின் முனையை டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டு, சீட்டை மூடினான்.

"அண்ணே, இன்னா பண்றே?"

"பேசாம நில்லு."

விஷ்ணு வந்தான். கான்ட்ராக்டரின் பைக் கேட்டில் நுழைவது தெரிந்தது.

"என்னங்கண்ணா, அக்கா ஓட்டுவாங்களா?"

"நீங்க உக்காந்து ஒரு தபா எடுங்க சார்."

விஷ்ணு ஏறி உட்கார்ந்தான். எண்பது கிலோவுக்குக் குறையாது. சாவியைத் திருப்பினான். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினான். எழுந்து நன்றாக அழுத்தி உட்கார்ந்தும் திருப்பிப் பார்த்தான். முகம் சுண்டிவிட்டது.

"காலைலகூட எனக்கு எடுத்துச்சுங்களே!"

"உள்ள ஒரு சுவிட்சு பாதி உசுரோட இருந்துது சார். அதான் ஒருத்தருக்கு எடுத்துது, ஒருத்தருக்கு எடுக்கல. இப்ப மொத்தமா போயிடுச்சி." இத்தனை கூசாமல் பொய் வருமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. பார்ட்ஸ் வர மூணு வாரம் ஆவும். வேற யாரையும் கை வைக்க வுடாதீங்க, ஒயரு எரிஞ்சிடும்."

விஷ்ணு சீட்டிலிருந்து இறங்கி, கன்னியம்மாவைப் பார்க்காமல் சொன்னான்: "நான்தானுங்க அவசரப்பட்டு குரூப்புல என்னென்னமோ எழுதிட்டேன். சாரிங்கக்கா." பிறகு, "இந்த ஒரு தடவை மட்டும் கான்ட்ராக்டர் வெட்டட்டும். வருசக் கான்ட்ராக்ட் வேண்டாம்னு சொல்லிர்றேன்," என்றான்.

"வண்டி இல்லாம இவங்க இங்க இன்னா பண்ணுவாங்க? அதுவரைக்கும் சம்பளத்தோட லீவு குடுத்துடுங்க சார்."

"எடுத்துக்கட்டுங்க." விஷ்ணு கான்ட்ராக்டரிடம் போனான்.

ஜேசுராஜ் ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது கன்னியம்மா வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. அவன் அதைக் கவனிக்காதது போல் கறாராகப் பேசினான்.

"காலைல ஆவடி அரசு ஆஸ்பத்திரி. ஓபி சீட்டு வாங்கினதும் எனக்குப் போட்டோ அனுப்பணும். ரெண்டு மாச இருமலு, சொரம் எல்லாத்தையும் மறைக்காம சொல்லு. அதுவரைக்கும் அகல்யாவாண்டயும் வாயில துணி கட்டிகினு பேசு. போகலன்னா சுவிட்சு வராது."

"மூணு வாரத்துல எடை ஏறிடுமாண்ணே?"

"தெரியல. ஏறலன்னா பார்ட்ஸ் இன்னும் லேட்டா வரும்."

மறுநாள் ஒன்பது மணிக்கு அவன் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது போட்டோ வந்தது. கசங்கிய ஓபி சீட்டு. பெயருக்குக் கீழே எடை 36 என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு குரல் பதிவு. வரிசையின் சத்தத்துக்கு நடுவே கன்னியம்மா இருமிக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, எல்லாத்தையும் சொல்லிட்டேன். சளி டெஸ்ட்டு எடுக்கச் சொல்லிட்டாங்க, லைன்ல நிக்கறேன். அந்த சுவிட்சைத் தொலைச்சிடாதே."

ஜேசுராஜ் பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தான். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதான்.