ஞானம்மாளின் நாற்பத்திரண்டு மாடுகள்

என் மனைவி ஞானம்மாளுக்குச் செம்பாக்கத்தில் நாற்பத்திரண்டு மாடுகள் இருக்கின்றன. ஏரிக்கரையில் யாரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரியாது. எல்லாம் விரல்நகம் அளவுள்ள ஒரு மெமரி கார்டுக்குள் மேய்கின்றன.

மகள் அனுப்பிய கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்று எங்களிடம் உண்டு. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளையாடுவது. நான் அதில் லாரி ஓட்டுகிறேன். அவள் பண்ணை வைத்திருக்கிறாள். மலைப்பாதையில் லாரி ஏறும்போது கம்ப்யூட்டரின் விசிறி தள்ளுகிற அனல்காற்றில் பக்கத்து வீட்டு கங்கம்மா இரண்டு தட்டு வடகம் காயவைத்திருக்கிறார். மிகைப்படுத்தக் கூடாது, ஒன்றரைத் தட்டு.

இந்த விளையாட்டுகள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. எங்கள் மிஷினில் இருப்பதோ லினக்ஸ். ஆகவே லினக்ஸ் உள்ளேயே ஒரு பொய் வீடு கட்டி, சி டிரைவ் என்று பெயர்ப்பலகை மாட்டி, ‘இதுதான் உன் வீடு, இரு’ என்று விளையாட்டை உட்கார வைத்துவிடுகிறது. அதுவும் நம்பிவிடுகிறது. முப்பத்துநாலு வருடம் மின்சார ரயில் ஓட்டியவன் நான். அடுத்த வண்டி பின்னாலேயே காலியாக வருகிறது என்று எத்தனையோ பேரை நம்பவைத்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

மிஷினில் கார்டு செருக ஒரே இடம். காலையில் என் கார்டு. மூன்று மணிக்கு அவள் உட்காரும்போது அவள் கார்டு. வெளியே இருப்பது ஃபிரிட்ஜ் மேலுள்ள மாத்திரை டப்பாவில் கிடக்கும். நடைப்பயிற்சியில் பாட்டுப் போடுகிற ஸ்பீக்கரின் கார்டும் அதே டப்பாவில்தான். மூன்றும் கறுப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பண்ணையின் நகல் ஒன்றை இணையத்தில் வைக்கும் வசதி உண்டு. என் புது லாரி விளையாட்டு இணையத்திலிருந்து இறங்க வேகம் போதவில்லை என்று அதை நான்தான் நிறுத்திவைத்தேன். ஞானம்மாளிடம் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற நர்ஸ், ஊசி போட்ட கை.

போன சனிக்கிழமை மதியம் ஸ்பீக்கரின் கார்டை எடுத்துக்கொண்டு, புதுப் பாட்டு ஏற்றத் தாம்பரத்தில் குணாவின் மொபைல் கடைக்குப் போனேன்.

“கார்டு ரீடர் பேஜாராப் பூட்ச்சி சார். பெரிய கார்டு போட்ற ஓட்டதான் வேல செய்து. அடாப்டர் எதுனா கீதா?” என்றான் குணா.

பர்ஸில் பழைய கேமராவின் அடாப்டர் இருந்தது. சின்ன கார்டை அதற்குள் நுழைத்தால் பெரிய கார்டாகிவிடும். நுழைத்துக் கொடுத்தேன். குணாவின் விண்டோஸ் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துவிட்டு, ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்தலாம், செய்யவா?’ என்று கேட்டது. லினக்ஸ் எழுதியது அதற்குப் படிக்க வராது. படிக்க வராததைத் துடைத்துவிடலாமா என்று கேட்பது அதன் வழக்கம். குணா தன் மச்சானோடு ஃபோனில் பேசிக்கொண்டே சரி என்று அமுக்கினான். மறுபடி கேட்டது. மறுபடியும் அமுக்கினான்.

“அடச்சே, எழுத முடியாதுன்னு காட்டுது. லாக் போட்டுக்கீறியா சார்?”

அடாப்டரின் விளிம்பில் சின்னதாக ஒரு பூட்டு உண்டு. அதைத் தள்ளிவிட்டால் கார்டில் எதையும் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. மகள் கல்யாணப் படங்களில் பாதியை என் மைத்துனன் ஆல்வின் அழித்த பிறகு, மீதியைக் காப்பாற்ற அந்தப் பூட்டை நகர முடியாமல் ஞானம்மாளின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒட்டினேன். அதோடு மறந்தும்போனேன்.

“பிளேடால சொரண்டிர்றேன்” என்று குணா அடாப்டருக்குள்ளிருந்து சின்ன கார்டை உருவினான். அதன் முதுகிலும் ஒரு சிவப்புப் புள்ளி. அதே நெயில் பாலிஷ். தன்னுடையது எதுவானாலும் ஞானம்மாள் வைக்கிற அடையாளம்.

“கைய எடு!” என்றேன். எதிர்க் கடைக்காரரும் கையை எடுத்துவிட்டார்.

“இன்னா சார் ஆச்சி? உள்ள இன்னா கீது?”

“மாடு.”

“எத்தினி?”

“நாப்பத்திரண்டு. போயிருக்குமா?”

குணா கார்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். “லாக் இருந்திச்சே, போயிருக்காது. ஆனா ரெண்டு தபா அமுக்கிக்கிறேன், கேரண்டி கெடையாது. உன் மிஷின்ல போட்டாத்தான் தெரியும்.”

மணி இரண்டு இருபது. ஆட்டோவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, ஓடினேன். சேலையூர் தாண்டும்போது ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, “பெர்சு, கொஞ்சம் ஸ்லோவா போயேன். உன்ன பாத்து என் சவாரிங்க எறங்கறேன்றாங்க” என்று கெஞ்சினார். எழுபத்தொரு வயது, நான்கு கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம். நடுவில் சிக்னலில் நின்றதையும் சேர்த்து.

ஞானம்மாள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கார்டைச் செருகினேன். லினக்ஸ் தன் பொய் வீட்டைக் கட்ட ஆரம்பித்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொத்தனார் வரவில்லை போலிருக்கிறது. பிறகு உள்ளே எங்கோ ஒரு சேவல் கூவியது.

மாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏஞ்சல், கிரேஸ், சின்ன கிரேஸ், எல்லாம் சர்ச் பாடகர் குழுப் பெண்களின் பெயர்கள். எண்ணினேன். நாற்பத்திரண்டு. நாற்காலியில் சாய்ந்தேன். தாம்பரத்தில் உள்ளே இழுத்த மூச்சை அப்போதுதான் விட்டேன். எதிரே மாட்டியிருந்த காலண்டரில் இரண்டு தாள் புரண்டது. முதல் காரியமாக, இணையத்தில் நகல் வைக்கும் வசதியைத் திரும்பப் போட்டேன். லாரி வரும்போது வரட்டும்.

அப்போதுதான் கொட்டகை மூலையில் அந்த ஆட்டைப் பார்த்தேன். கிழட்டு வெள்ளாடு. பெயர்: ஜீவரத்தினம். மனநிலை: காரணமில்லாத கோபம்.

என் பெயர்தான் அது. கேட்டுச் சண்டை போடலாம். ஆனால் அவள் பண்ணைக்குள் எனக்கென்ன வேலை என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு கட்டுப் புல் எடுத்து அதன் முன்னால் போட்டுவிட்டு மிஷினை மூடினேன்.

ஞானம்மாள் துணியோடு இறங்கி வந்தாள். “என்னங்க இப்படி வேர்த்துக் கொட்டுது?”

“குணா கடைக்குப் போயிருந்தேன்.”

“பாட்டு ஏத்தியாச்சா?”

“பூட்டியிருந்தது” என்றேன். பொய் இல்லை.

மூன்று மணிக்கு மிஷினை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இந்த ஆட்டுக்கு யாரு புல்லு போட்டது?”

“எந்த ஆடு?”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். “ஒண்ணுமில்ல” என்றாள், கொஞ்சம் அவசரமாகவே. “ஏதோ ஒரு ஆடு.”

“பாவம், பசிச்சிருக்கும்.”

“மீன் குழம்பு மூடி வெச்சிருக்கேன். போய்ச் சாப்பிடுங்க.”

மதியம் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன். யார் மேலும் கோபமில்லை.