மூன்று பிள்ளைகளுக்கு ஒருத்தி

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். போக வேண்டுமென்றால் இரண்டரைக்கே பனியன் கம்பெனியை விட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பினால் அரை ஷிப்ட் கூலி போய்விடும். அதனால் பொன்னாத்தாளின் லைன் வீட்டில் குடியிருந்த மூன்று அம்மாக்களும் முறை வைத்துக்கொண்டார்கள். மாதம் ஒருத்தி போவாள். மூன்று பிள்ளைகளைப் பற்றியும் டீச்சர் சொல்வதைக் கேட்டு வந்து மற்ற இருவருக்கும் சொல்வாள்.

ஜூலையில் வேல்விழி போனாள். தன் மகளைப் பற்றி டீச்சர் சொன்னதை முழுதாகக் கொண்டுவந்தாள். மற்றதில் பாதியை வழியில் தொலைத்துவிட்டாள்.

"மூணாங்கிளாஸ் பயலுக ரெண்டு பேர்ல ஒருத்தன் ரொம்பப் பின்னாடி நிக்கிறானாம். அடுத்த மாசமும் பாத்துட்டுச் சொல்றேன்னாங்க."

"யாரு?" என்றாள் ஒச்சாயி.

"பேரச் சொன்னாங்க. அருண்பாண்டியா, ஆதிப்பா? இப்பக் கொழம்புது. சத்தியமா ஞாபகம் இல்லக்கா."

"ஏனுங்க, உங்க புள்ள கிளாஸ்ல சிரிச்சது, பேசுனது எல்லாம் ஞாபகம் இருக்குது. எங்க பசங்க பேரு மட்டும் மறந்து போச்சுங்களா?" என்றாள் குல்சார் பேகம்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒச்சாயியும் சிரித்தாள். அருண்பாண்டி அவள் மகன். ஆதிப் குல்சாரின் மகன்.

பிள்ளைகளைக் கேட்டபோது இருவரும் நான் இல்லை என்றார்கள். அட்டைப் படிப்பு வந்த புதிது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு அட்டையை எடுத்துப் படித்தார்கள். பழைய மாதிரி ரேங்க் கார்டு வருவதில்லை. டீச்சர் வாயால் சொன்னால்தான் உண்டு.

ஆகஸ்டு ஒச்சாயியின் முறை.

விஜயராணி டீச்சர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். வேல்விழியின் மகள் கணக்கு நன்றாகப் போடுகிறாள், பேச்சைக் குறைக்க வேண்டும். ஆதிப்தான் வகுப்பில் முதல். கதைப் புத்தகங்களைத் தானாக எடுத்துப் படிக்கிறான்.

"உங்க பையனுக்குத்தானுங்க எழுத்துக் கூட்டறதே வர மாட்டேங்குது. ஒண்ணாங்கிளாஸ் அட்டையிலயே நிக்கிறான். பக்கத்துல இருக்கறவன் படிக்கறதைக் கேட்டு அப்படியே ஒப்பிச்சர்றான். பாத்தா படிக்கற மாதிரியே இருக்கும். வீட்ல தினம் அரை மணி நேரம் உக்கார வையுங்க. இந்த வருஷம் விட்டா அப்புறம் சிரமமுங்க."

"சரிங்க டீச்சர்."

திரும்பும்போது அருண்பாண்டி கூட நடந்தான். பனியன் வேஸ்ட் ஏற்றிய ஒரு டெம்போ போகும்வரை ஓரமாக நின்றார்கள்.

"டீச்சர் என்னயப் பத்தி என்னம்மா சொன்னாங்க?"

அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாப் படிக்கிறன்னாங்க. நீதான் மொதலாம். கதப் புத்தகமெல்லாம் நீயா எடுத்துப் படிக்கிறியாம்."

"நானா?"

"ஆமா."

"நான் படம் பாக்கத்தானம்மா எடுப்பேன்."

"அதத்தான் சொல்லியிருப்பாங்க."

அவன் அவள் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினான். அவள் லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வேல்விழி வாசலில் நின்றிருந்தாள்.

"என்னக்கா, கலெக்டரு இப்பவே வந்து சொல்லிட்டாரு. அவர்தான் பர்ஸ்ட்டாம்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பப் பின்னாடி நிக்கிறது ஆதிப்பா?"

ஒச்சாயி பூட்டில் சாவியைப் போட்டாள். அருண்பாண்டி படியில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம்" என்றாள்.

மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் குல்சார் கேட்டாள். வேல்விழி அதற்குள் சொல்லியிருந்தாள். ஆனாலும் போய்வந்தவள் வாயால் கேட்க வேண்டும் என்று நின்றாள். ஒச்சாயி டீச்சர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எழுத்துக் கூட்ட வரவில்லை. ஒன்றாம் வகுப்பு அட்டையில் நிற்கிறான். கேட்டு ஒப்பித்துவிடுகிறான், பார்த்தால் படிக்கிற மாதிரியே இருக்கும். தினம் அரை மணி நேரம். பேரை மட்டும் மாற்றினாள்.

குல்சார் குடத்தை எடுக்க மறந்து நின்றாள்.

"ரொம்ப உபகாரமுங்க்கா. மறைக்காமச் சொன்னீங்க."

பையன் படிக்கவில்லை என்று தெரிந்தால் புருஷன் காசிமாயன் அவனை ஊருக்கு அனுப்பிவிடுவான், அந்தப் பயத்தில்தான் அப்படிச் சொன்னோம் என்று ஒச்சாயி பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காசிமாயன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்திருந்த குல்சாரின் அறைக்கும் ஒச்சாயியின் அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். குல்சார் வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் ஆதிப்பை உட்கார வைத்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆதிப் கடகடவென்று படித்தான்.

"ஒப்பிக்காதே. படி."

"படிக்கத்தாம்மா செய்யறேன்."

"டீச்சரு எல்லாம் சொல்லி உட்டிருக்காங்க. எங்கிட்ட ஏமாத்தாதே."

"நெசமாம்மா."

அவன் இன்னொரு பக்கத்தைத் திருப்பி அதையும் வேகமாகப் படித்தான். அடி விழுந்தது. அருண்பாண்டி சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஆதிப்பு நல்லாப் படிப்பானேம்மா."

"நீ சாப்பிடு."

நான்கைந்து நாள் அப்படியே போனது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் குரல் மாறியது. ஆதிப் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திப் படித்தான். வேண்டுமென்றே தடுமாறினான். தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்தினான். குல்சார் அடிக்கவில்லை.

"இப்பத்தானுங்க்கா நெசமாப் படிக்கறான்" என்றாள் அவள் காலையில். "திக்கித் திக்கி. ஆனா அவனாப் படிக்கறான்."

ஒச்சாயி தலையை ஆட்டினாள்.

தன் மகனை அவள் உட்கார வைக்கவில்லை. வைத்தால் முதல் மாணவனுக்கு எதற்கு என்று வேல்விழி கேட்பாள். அவனே கேட்பான். அவன் இப்போது பைக்கட்டை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். வேல்விழியின் மகளுக்குப் படம் காட்டிக் கதை சொன்னான். கதை அட்டையில் இருந்ததல்ல.

செப்டம்பர் குல்சாரின் முறை. அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

இருவருக்கும் ஒரே கம்பெனி. ஒச்சாயி செக்கிங். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவாள். குல்சார் மூன்று வருஷமாகக் கைமடி. டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுப்பது, தைத்ததை மடித்து வைப்பது. ஓவர்லாக் மெஷினில் ஓர் இடம் காலியாகியிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து உட்கார் என்று சூப்பர்வைசர் தங்கவேலு சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை கம்பெனிக்கு நடக்கும்போது குல்சார் சொன்னாள்.

"இன்னிக்குத் தங்கவேலு அண்ணங்கிட்ட வேண்டாம்னு சொல்லிரப் போறேனுங்க்கா."

"எத?"

"மெஷினைத்தானுங்க. டெய்லருன்னா எட்டரைக்கு மின்ன உட மாட்டாங்க. கைமடின்னா அஞ்சரைக்குச் சொல்லிட்டு வந்தரலாம். பையங்கூட உக்காரோணுமல்லங்க."

"இன்னொரு தடவ குடுப்பாங்களா?"

"எங்கீங்க குடுப்பாங்க. மூணு வருஷமாக் காத்திருந்தது." அவள் சிரித்தாள். "போவுதுங்க. நான்தான் படிக்கல. அவனாச்சும்."

பதினோரு மணிவரை ஒச்சாயி மேசையில் நின்றாள். கழுத்துப் பட்டி பிரிந்திருந்த ஒரு பனியனை நல்லதில் போட்டாள். பிறகு தேடி எடுத்தாள்.

டீ வந்தது. குல்சார் பண்டல்களுக்கு இடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒச்சாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"குல்சாரு, மெஷின விட்றாத."

"வேற வழியில்லீங்க்கா."

"ஆதிப்பு நல்லாப் படிக்கிறான்."

"இப்பக் கொஞ்சம் தேவலைங்க."

"இப்ப இல்ல. மொதல்ல இருந்தே. அவன்தான் பர்ஸ்ட்டு. டீச்சர் சொன்னது என் பையனப் பத்தி."

குல்சார் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாறிப் போச்சுங்களா? வேல்விழி மாதிரி?"

அவள் குரல் கனிவாக இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"மாறல. நான் மாத்திச் சொன்னேன்."

தங்கவேலு வந்து நின்றார். "என்ன குல்சாரு, திங்கக்கிழமை உக்கார்றயா, வேற ஆளப் பாக்கட்டுமா?"

குல்சார் ஒச்சாயியைப் பார்த்தாள். பார்வையை எடுக்காமலே சொன்னாள்.

"உக்கார்றேனுங்கண்ணா."

எழுந்து போனாள். டீயின் மேல் ஆடை படிந்தது.

சனிக்கிழமை என்பதால் ஆறு மணிக்கு விட்டார்கள். குல்சார் தனியாக முன்னால் நடந்தாள். ஒச்சாயி வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு உட்காருவதற்குள் வாசலில் நிழல் தெரிந்தது. குல்சார் ஆதிப்பின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்டச் சொன்னது பத்தாதுங்க. அடி வாங்குனது இவன். இவங்கிட்டச் சொல்லுங்க."

அருண்பாண்டி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கையில் பள்ளிக்கூடத்துக் கதைப் புத்தகம்.

"அருணு, நீ வெளிய போய் வெளாடு."

"அவனும் இருக்கட்டுமுங்க" என்றாள் குல்சார்.

ஒச்சாயி ஆதிப்பைப் பார்த்துச் சொன்னாள். "டீச்சர் ஒன்னய நல்லாப் படிக்கிறன்னுதான்பா சொன்னாங்க. நீதான் மொதல்னு சொன்னாங்க. பெரியம்மா ஒங்கம்மாட்டப் பொய் சொல்லிட்டேன். படிக்காதது நீ இல்ல."

ஆதிப் தன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். "நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல?"

குல்சார் அவன் கன்னத்தைத் தொட்டாள். "சொன்னே கண்ணு."

"அப்ப இனி வேகமாப் படிக்கலாமா?"

அவள் அவன் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். பிறகு ஒச்சாயியிடம் சொன்னாள்.

"இனி மாசாமாசம் எம்பையனுக்கு நானே போய்க்கறேனுங்க. அரை ஷிப்ட் போனாப் போவுது. உங்க பையனைப் பத்தி எங்கிட்டச் சொல்லி உட வேண்டாமுன்னு டீச்சர்கிட்டச் சொல்லிர்றேன்."

அவர்கள் போனார்கள். வேல்விழியும் வீட்டுக்காரி பொன்னாத்தாளும் வாசலில் நின்றிருந்தார்கள். வேல்விழி எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாமல் நின்று ஒச்சாயி பார்த்ததில்லை.

அருண்பாண்டி புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தான்.

"எனக்கு அட்ட படிக்கத் தெரியாதுன்னு டீச்சருக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"தெரியாதுன்னு நெனச்சேன்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். "ஒனக்கு?"

"எனக்கும் தெரியும்."

"எப்பருந்து?"

"மீட்டிங் அன்னைலருந்து."

அவன் யோசித்தான். அவன் அழுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் அழவில்லை.

"அப்ப நான் படிக்கிறேன்னு ஊரெல்லாம் சொன்னேன்ல. அப்பவும் ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் நகர்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பி இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். அவளும் ஐந்தாவதோடு நின்றவள்தான். முதல் வார்த்தையில் விரலை வைத்தாள்.

"இது என்ன எழுத்து?"

அவன் வாசலைப் பார்த்தான். கதவு திறந்திருந்தது. பெண்கள் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்கள். அவள் எழுந்து சாத்துவாள் என்று அவன் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. எழுந்தால் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டியிருக்காது.

அவள் விரலை எடுக்கவில்லை.

"சொல்லுப்பா" என்றாள். "தப்பாச் சொன்னாலும் பரவால்ல."