மேல்வீட்டுக் குரல்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. கல்லூரியில் சேர்ந்து பாடிய கூட்டாளிகள் ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு, விடுமுறை நாட்களில் பழைய கிடாரை எடுத்துவைத்து வீட்டிலேயே பாடிப் பதிவு செய்யத் தொடங்கினான்.

பாட்டைவிட அவன் பட்ட பாடு பெரிது. முதல் பதிவில் ஃபிரிட்ஜ் முனகியது. அடுத்த முறை அதை அணைத்துவிட்டுப் பாடினான். திரும்பப் போட மறந்ததில் பால் கெட்டது, பதிவு நன்றாக வந்தது. வெற்றுச் சுவரைப் பார்த்துப் பாடினால் குரல் குளியலறையில் கேட்பதுபோல் எதிரொலித்தது. துணி அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவே முகத்தை நுழைத்துப் பாடினான்.

பலர் சேர்ந்து பாட வேண்டிய இடத்தில் தன் குரலையே பல தடவை பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். ஒன்றைக் கூட்டினான், ஒன்றைக் குறைத்தான், இடமும் வலமும் தள்ளிப் பார்த்தான். ஒரே ஆள் அறை முழுக்க நிற்பதுபோல்தான் இருந்தது. ஹெட்போனைக் கழற்றினால் அந்த ஆளும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் மேல்வீட்டு நர்ஸ் வந்து கதவைத் தட்டினார். ராத்திரி டூட்டி முடிந்து தூங்க வந்தவர். அவன் மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் அணைக்கப் போனான். அவர் போகாமல் நின்றார்.

“அந்த ரெண்டாவது வரிய மட்டும் ஏன் அவசரமா முடிக்கிறீங்க? நான் படுத்துக்கிட்டே அத மெதுவா முடிச்சுக்கிட்டு இருக்கேன்.”

பாடிக் காட்டச் சொன்னான். கூச்சப்பட்டு, பிறகு சட்டைகளைப் பார்த்தபடி பாடினார். சுருதி அங்கங்கே நழுவியது. ஆனால் அந்தக் குரலைப் பதிந்து தன் பாட்டோடு சேர்த்ததும், அவன் அடுக்கியவை எல்லாம் வெறும் இரைச்சலாகக் கேட்டன. தன் குரல்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தான்.

அந்த மாதமே அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. சாமான் ஏற்றும்போது அவன் கடையில் இருந்தான். வீடு திரும்பியபோது மேலே காலடிச் சத்தம் இல்லை. பதிவு செய்ய இதைவிட அமைதி கிடைக்காது. அவனுக்குத்தான் பாட வாய் வரவில்லை.

இருந்ததை வைத்து, இரண்டு குரலையும் கிடாரையும் கலக்கும் மிக்ஸிங்கை முடித்தான். வரிக்கு முன் அவர் இழுத்த மூச்சை வெட்ட மனம் வரவில்லை. அவருக்கு அனுப்பிவைத்தான். சில நாள் கழித்து அவர் போன் செய்தார். புது இடத்தில் இன்னும் யாரும் பழக்கமாகவில்லை என்றார்.

“என் குரல ஏங்க இவ்வளவு தூக்கி வெச்சிருக்கீங்க?”

“குறைச்சு அனுப்பறேன்.”

“அது இருக்கட்டும். உங்களோடத கொஞ்சம் கூட்டி அனுப்புங்க. இங்க பேச்சுக் குரலே இல்ல.”

உடனே உட்கார்ந்தான். தன் குரலைக் கூட்டக் கூட்ட அவருடையது அமுங்கியது. அதனால் கிடாரைக் குறைத்தான், மேலும் குறைத்தான். கடைசியில் அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்படியே அனுப்பிவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டைச் சூடு பண்ண எழுந்தான்.